விடிந்தால் கடல்!

பம்பாய் கோட்டைப் பகுதியில், ஷகீத் பகத்சிங் சாலையில், சிங்கச் சிலைகள் காவல் இருக்கும் ஒரு வாசல் உண்டு. "லயன் கேட்" என்று பெயர். உள்ளே கடற்படையின் கப்பல் துறை. வெளியே பஸ், டாக்சி, வடா பாவ் வண்டி, ஆபீஸ் முடிந்து வி.டி. ஸ்டேஷனுக்கு ஓடும் கூட்டம்.

வி.டி. ஸ்டேஷனின் பெயர் 1996-ல் மாறி விட்டது. பம்பாயின் பெயரும் மும்பை ஆகி விட்டது. ஆனால் சிங்க வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

மாலை நேரத்தில் அந்த வாசலிலிருந்து இரண்டு பேர், மூன்று பேராக இளைஞர்கள் வெளியே வருவார்கள். முடி ஒட்ட வெட்டியிருக்கும். வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். கேலியும் சிரிப்புமாகப் போவார்கள். பார்ப்பவர்களுக்கு எல்லா மாலையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனால், அவற்றில் ஒரு மாலை மட்டும் வேறு. மறுநாள் விடியும்போது அவர்களுடைய கப்பல் துறையில் இருக்காது. அது அந்த இளைஞர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று டீ குடிக்கும் நமக்குத் தெரியாது. தெரியவும் கூடாது!

கரையில் கழியும் அந்தக் கடைசி இரவைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

"லிபர்ட்டி"

கப்பலிலிருந்து கரைக்குப் போய் வரும் அனுமதிக்குக் கடற்படையில் "லிபர்ட்டி" என்று பெயர். விடுதலை என்று பொருள். பெயர்தான் விடுதலையே தவிர, அதற்குக் கட்டுப்பாடுகள் ஏராளம்.

ஒரு கப்பலில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் கரைக்குப் போய்விட முடியாது. தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டும். அவசரமாகக் கப்பலை நகர்த்த நேர்ந்தால் அதற்கும் ஆள் வேண்டும். அதனால் மாலுமிகளைப் பிரிவு பிரிவாக முறை வைத்திருப்பார்கள். முறை இல்லாதவர்களுக்கே கரை. வரிசையில் நிறுத்தி, உடுப்பைப் பார்த்து, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

அந்த நேரம் தவறினால் அவன் "அட்ரிஃப்ட்". கட்டிய கயிறு அறுந்து, போக்கிடம் இல்லாமல் மிதக்கும் படகுக்குச் சொல்லும் சொல் அது. அதற்குத் தண்டனை உண்டு. கப்பல் புறப்படும்போதே ஆள் இல்லை என்றால், அது பெரிய குற்றம்.

கப்பல் எப்போது கிளம்பும் என்பதை யாரும் வந்து காதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பிருந்தே வேலை சூடு பிடித்துவிடும். எண்ணெய் நிரப்புவார்கள். குடிதண்ணீர் நிரப்புவார்கள். குண்டுகள் ஏறும். மூட்டை மூட்டையாக உணவுப் பண்டங்கள் ஏறும். தக்காளியும் கீரையும் சில நாளுக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு. எத்தனை மூட்டை ஏறுகிறது என்று பார்த்தே, பயணம் நீண்டதா குறுகியதா என்று மாலுமிகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எங்கே போகிறோம் என்பது மட்டும் பல சமயம் அவர்களுக்கே தெரியாது. கரை மறைந்த பிறகுதான் சொல்லப்படும்.

மாட்டுங்காவில் ஒரு மாலை

கடைசி இரவு என்றதும் பலருக்கு ஆங்கிலப் படங்களில் வரும் குடியும் கூத்தும் நினைவுக்கு வரலாம். அப்படிக் கழிப்பவர்கள் எந்த நாட்டுக் கடற்படையிலும் உண்டு. கொலாபாவில் அதற்கு வேண்டிய கடைகளும் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நாலு மணி நேரத்தில் தேடுவது வேறு.

சொந்த ஊர்ப் பேச்சைத் தேடுவார்கள். சொந்த ஊர்ச் சாப்பாட்டைத் தேடுவார்கள்.

அந்நாளில் பம்பாயில் இருந்த தமிழ் மாலுமிக்கு அதற்கு ஒரு வழி இருந்தது. சிங்க வாசலிலிருந்து நடந்தால் வி.டி. ஸ்டேஷன். அங்கே ஹார்பர் லைன் லோக்கலைப் பிடித்தால் கிங்ஸ் சர்க்கிள். இறங்கியதும் காப்பி வாசனை! தென்னிந்திய ஓட்டல்களும், இலை போட்டுச் சாப்பாடு போடும் மெஸ்களும் அங்கே 1940-க்கு முன்பிருந்தே வேரூன்றி விட்டவை. அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடும். கோவிலுக்குப் போக நினைத்தால் ஆஸ்திக சமாஜம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தாராவிப் பக்கம் போனால் திருநெல்வேலி அண்ணாச்சிகளின் மளிகைக் கடை. சோப்பு, தேங்காய் எண்ணெய், ஊறுகாய், இன்லண்டு கவர் எல்லாம் அங்கேயே வாங்கிக் கொள்ளலாம்.

வழக்கத்தை விட இரண்டு சோப்பு கூடுதலாக வாங்கினால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அனுபவப்பட்ட அண்ணாச்சி எதுவும் கேட்கமாட்டார். புதியவராக இருந்தால் வாய் விடுவார்.

"என்ன தம்பி, பயணமா?"

"இல்லீங்க அண்ணாச்சி. சும்மாத்தான்."

"எப்போ திரும்பி வருவே?"

"வந்து சொல்றேன் அண்ணாச்சி. போயிட்டு வர்றேன்."

"போறேன்" என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. "போயிட்டு வர்றேன்" என்பதுதான் வழக்கம். கூலி வேலைக்குப் பம்பாய் ரயில் ஏறியபோது நாமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தோம். கடலுக்குப் போகிறவன் அதைச் சொல்லும்போது, அந்த "வர்றேன்" என்ற சொல்லின் மேல் பாரம் முழுவதும் ஏறிக்கொள்கிறது.

முகவரி இல்லாத கடிதம்

ஊருக்குக் கடிதம் எழுதும்போதும் இதே நிலைதான். "அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல்" வரை தடையில்லை. அதற்கு மேல் என்ன எழுதுவது? எங்கே போகிறான் என்று எழுத முடியாது. எப்போது வருவான் என்று எழுத முடியாது. எழுதாமல் விட்டால் அம்மா பயப்படுவாள். எழுதினால் சட்டம் குறுக்கே நிற்கும்.

ஆகவே கடிதம் பூராவும் மற்ற விஷயங்களே இருக்கும். மாடு கன்று போட்டதா? தங்கைக்கு வரன் பார்த்தாயிற்றா? மணியார்டர் வந்ததா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

வீட்டிலிருந்து அவனுக்கு எழுதுகிறவர்களுக்கும் கப்பல் நிற்கும் இடம் தெரியாது. பெயர், எண், கப்பலின் பெயர், அதற்குக் கீழே "ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்" என்று எழுதினால் போதும். கப்பல் அரபிக் கடலில் இருந்தாலும் சரி, அந்தமானில் இருந்தாலும் சரி, அங்கே போய்ச் சேரும். கடிதத்தின் மேல் உறையைப் பார்க்கும் தபால்காரருக்குக் கூட அது எங்கே போகிறது என்று தெரியாது.

இவ்வளவு மூடுமந்திரம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு கப்பலில் சில நூறு உயிர்கள் இருக்கின்றன. அது எந்த நேரத்தில் எந்தத் துறையை விட்டுக் கிளம்புகிறது என்று எதிரிக்குத் தெரிந்தால், பரந்த கடலில் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. துறைமுகத்தின் வாயிலில் காத்திருந்தால் போதும்.

இது வெறும் பேச்சு அல்ல. 1971-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் பத்து நாட்களைப் பார்த்தால் தெரியும்.

திருக்கார்த்திகை இரவு

அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, புதன்கிழமை. பஞ்சாங்கப்படி அன்று கார்த்திகை நட்சத்திரம். மறுநாள் பௌர்ணமி. பம்பாயில் தமிழர் குடியிருந்த சால்களின் வாசலில் அகல் விளக்கு வைக்கும் நாள். அன்று மாதத்தின் முதல் தேதியும் கூட.

கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த சமயம் அது. போர் மூளும் என்று நாடே எதிர்பார்த்தது. என்றைக்கு என்பதுதான் தெரியாது.

மறுநாள், டிசம்பர் 2-ந் தேதி, நம் மேற்குக் கடற்படைப் பிரிவு பம்பாயை விட்டுக் கிளம்பியது. "மைசூர்" என்ற போர்க்கப்பல் அதற்குத் தலைமைக் கப்பல். ரியர் அட்மிரல் குருவிலா படைப்பிரிவின் தலைவர். எனவே அந்தக் கப்பல்களில் இருந்த இளைஞர்களுக்குக் கரையோரத்தில் கழிந்த கடைசி இரவு, விளக்கு வரிசைகள் எரிந்த அந்தத் திருக்கார்த்திகை இரவுதான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று கடலுக்கு அடியில் இருந்தது.

"ஹாங்கோர்" என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல், கராச்சியிலிருந்து முன்கூட்டியே வந்து பம்பாய்க்கு வெளியே பதுங்கியிருந்தது. நம் கப்பல்கள் தன் தலைக்கு மேலே கடந்து போனதை உணர்ந்ததாகவும், போர் அறிவிக்கப்படாததால் சுட அனுமதி இல்லை என்றும் அதன் தலைவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் பிந்திக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

டிசம்பர் 3-ந் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களின் மீது குண்டு வீசின. நள்ளிரவுக்குப் பின் பிரதமர் இந்திரா காந்தி ரேடியோவில் பேசினார். பம்பாய் இருண்டது. இரண்டு நாளைக்கு முன்பு அகல் விளக்கு வைத்த வீடுகளிலேயே ஜன்னல் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டினார்கள்.

அம்மாவுக்கு ஒரு தந்தி

மேற்கில் இப்படி என்றால், கிழக்கில் நடந்தது இன்னும் விசித்திரம்.

விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நம் நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் பொறுப்பில் இருந்தது "விக்ராந்த்" என்ற விமானம் தாங்கிக் கப்பல். அந்நாளில் நம்மிடம் இருந்த ஒரே விமானம் தாங்கி அதுதான். கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது.

அதை மூழ்கடிக்க வேண்டும் என்று பாகிஸ்தான் தன் பெரிய நீர்மூழ்கியான "காஸி"யை வங்கக் கடலுக்கு அனுப்பியது. அது நவம்பர் 14-ந் தேதி கராச்சியை விட்டது.

விக்ராந்தைக் காப்பாற்ற வேண்டும். கிருஷ்ணன் அதை அந்தமான் தீவுகளின் பக்கம் அனுப்பி ஒளித்து வைத்தார். அது விசாகப்பட்டினத்தின் அருகே இருப்பதாக எதிரியை நம்ப வைக்க வேண்டும். அதற்கு அவர் செய்த காரியங்கள் இரண்டை அவரே தம் நூலில் சொல்லியிருக்கிறார்.

ஒன்று, கடைத்தெரு. கடற்படைக்கு உணவுப் பண்டம் கொடுக்கும் காண்டிராக்டர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாக வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பெரிய கப்பல் வரப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டாவது, தந்தி. "ராஜ்புத்" என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நிறுத்தி, விக்ராந்த் போலக் கம்பியில்லாத் தந்தியில் நிறையச் செய்திகளை அனுப்பச் சொன்னார். அவற்றில் ஒன்று, விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, கடுமையான நோயில் இருக்கும் தன் தாயாரின் உடல்நிலையை விசாரிப்பதாக அமைந்த சொந்தத் தந்தி. அதைச் சங்கேத மொழியில் கூட அனுப்பவில்லை. எதிரி கேட்க வேண்டும் என்றே வெளிப்படையாக அனுப்பினார்.

கடலில் இருக்கும் மகன் அம்மாவின் நோய் அறிந்து துடிப்பான், விதியை மீறியாவது சேதி கேட்பான் என்று யார்தான் நம்பமாட்டார்கள்! தாய்ப் பாசத்தையே தூண்டில் முள்ளாகப் போட்டார் நாகர்கோவில்காரர்.

அதிலிருந்து மற்றொன்றும் தெரிகிறது. ஒரு மாலுமி உண்மையிலேயே அப்படி ஒரு தந்தி அடித்திருந்தால், அதுவே அவன் கப்பலைக் காட்டிக் கொடுத்திருக்கும். கடைசி இரவில் இன்லண்டு கவரைப் பிரித்து வைத்துக் கொண்டு, எழுத வந்ததை எழுதாமல் விடுகிற பிள்ளை வீணாகப் பயப்படவில்லை.

டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவு நெருங்கும்போது ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வாயிலைத் தாண்டியதும் நீரில் ஒரு கலக்கம் தெரிந்தது. ஆழத்தில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. சிறிது நேரத்தில் கடலில் பெரும் வெடிச் சத்தம் எழுந்தது. கடற்கரை வீடுகள் அதிர்ந்தன. காலையில் எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்த பொருட்களை மீனவர்கள் கண்டார்கள்.

காஸி மூழ்கிவிட்டது. ராஜ்புத்தின் குண்டினாலா, அது வைக்க வந்த கண்ணி வெடியினாலா, உள்ளேயே வெடித்ததா என்று இன்றும் இரு நாட்டவரும் வாதாடுகிறார்கள். உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்ட மாலுமிகளில் ஒருவரும் தப்பவில்லை. நவம்பர் மாதம் கராச்சியில் அவர்களுக்கும் கரையில் ஒரு கடைசி இரவு இருந்திருக்கும். அவர்களும் அம்மாவிடம் எங்கே போகிறோம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரஷ்ய மொழியில் பேசிய நம்மவர்கள்

மேற்கே, டிசம்பர் 4-ந் தேதி இரவு, "நிர்காட்", "நிபாட்", "வீர்" என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. "கில்டன்", "கச்சால்" என்ற இரண்டு கப்பல்கள் துணைக்குச் சென்றன. பாகிஸ்தானின் "கைபர்", "முகாபிஸ்" என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. கைபரில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தப் படகுகள் சோவியத் நாட்டிலிருந்து வந்தவை. நம் மாலுமிகள் விளாடிவாஸ்டாக் சென்று, பனியில் கிடந்து, ரஷ்ய மொழி கற்று, பயிற்சி பெற்றவர்கள். தாக்குதலின்போது கம்பியில்லாத் தந்தியில் அவர்கள் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். ஒட்டுக் கேட்டவர்களுக்குக் குழப்பம்!

இந்தத் தாக்குதலுக்கு ஒப்புதல் தந்த கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா சிறு வயதில் வளர்ந்தது எங்கே தெரியுமா? கராச்சித் துறைமுகத்தின் வாயிலில் உள்ள மனோரா தீவில்தான். பிள்ளைப் பிராயத்தில் ஓடி விளையாடிய துறையின் மீது ஏவுகணை விட உத்தரவு கொடுக்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அந்த டிசம்பர் 4-ந் தேதியைத்தான் ஆண்டுதோறும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம்.

"குக்ரி" கிளம்பியது

வெற்றிச் செய்தியால் பம்பாய் மகிழ்ந்திருந்த நேரத்திலும் ஹாங்கோர் கடலில்தான் இருந்தது. அதைத் தேடிப் பிடிக்க "குக்ரி", "கிர்பான்" என்ற கப்பல்கள் டிசம்பர் 8-ந் தேதி பம்பாயிலிருந்து கிளம்பின. இவற்றோடு சேர்ந்த "குதார்" கொதிகலன் விபத்தால் ஏற்கனவே துறைக்குத் திரும்பிவிட்டது.

கிளம்பும் முன் வந்த அந்த இரவு எப்படி இருந்திருக்கும்? நகரம் முழுவதும் இருட்டு. மோட்டார் வண்டிகளின் விளக்குகளுக்குக் கருப்புப் பூச்சு. கப்பல் நிற்கும் இடத்தைக் கரையிலிருந்து பார்த்தாலும் தெரியாது. வழியனுப்ப வாத்தியம் இல்லை, கூட்டம் இல்லை. அந்த இருட்டில்தான் அவர்கள் பம்பாயிடம் விடை பெற்றார்கள்.

டிசம்பர் 9-ந் தேதி இரவு 9 மணிக்குச் சற்று முன்பு, டையூவுக்கு அப்பால் கடலில், ஹாங்கோர் விட்ட டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. தமது உயிர் காக்கும் மிதவைச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு, தாம் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

அவரோடு சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். மொத்தம் 194 பேர். சுதந்திர இந்தியாவின் கடற்படை போரில் இழந்த ஒரே கப்பல் அதுதான். கடலில் மிதந்து உயிர் தப்பியவர்களை மறுநாள் கச்சால் கப்பல் வந்து மீட்டது.

அந்த 194 பேரும் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். மலைநாட்டுப் பிள்ளையும் இருந்தான், கடற்கரைப் பிள்ளையும் இருந்தான். எல்லோருக்கும் கரையில் கடைசியாக ஒரு மாலை இருந்தது. அதில் வாங்கிய சோப்பும், எழுதிய கடிதமும், பாதியில் விட்ட பேச்சும் இருந்தன.

வாசலில் நின்ற தந்திக்காரர்

அந்தக் காலத்தில் தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே நம் கிராமத்து வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். வெளியூரில் பிழைக்கப் போனவர்களின் வீட்டார் அனைவருக்கும் அந்தப் பயம் தெரியும். தந்தி முறையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. தந்திக்காரர் வந்தால் வயிற்றில் விழும் அந்தக் கல்லைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

மாலுமியின் வீட்டில் நிலைமை இன்னும் கடினம். சில வேளைகளில் தந்தி முந்தி வரும். அவன் கரையிலிருந்து போட்ட இன்லண்டு கடிதம் பிந்தி வரும். "நலம், நலமறிய ஆவல்" என்று அவன் கையெழுத்து பேசும். தங்கைக்கு வரன் பார்த்தாயிற்றா என்று கேட்டிருப்பான். அந்தக் கடிதத்தில் கடலைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. போரைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்காது.

"எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே" என்று வீட்டார் மனம் வருந்தலாம். ஆனால் அவன் சொல்லாமல் போனது அன்பு இல்லாமல் அல்ல. தன் கப்பலில் உள்ள நூறு, இருநூறு அம்மாக்களின் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே அவன் வாயைக் கட்டிக்கொண்டான்.

இன்றைய நிலை

காலம் மாறிவிட்டது. 2022 முதல் "அக்னிவீர்" திட்டத்தில் இளைஞர்களும் இளம் பெண்களும் நான்கு ஆண்டுப் பணிக்குக் கடற்படையில் சேருகிறார்கள். ஒடிசாவில் உள்ள சில்கா தளத்தில் அவர்களுக்குப் பயிற்சி. மாலுமி வேலையில் பெண்களும் வந்தது கடற்படைக்குப் புதிது. அதனால் கரையோரத்தில் கடைசி மாலையைக் கழிப்பது இனி மகன்கள் மட்டும் அல்ல, மகள்களும்தான்.

இன்லண்டு கவர் போய், கையில் போன் வந்துவிட்டது. சமாதான காலத்தில் நீண்ட பயணம் போகும் கப்பலை வழியனுப்பக் குடும்பத்தார் துறைக்கே வருவதும் உண்டு. ஆனால் அடிப்படை விஷயம் மாறவில்லை. 2019 டிசம்பரில் கடற்படை மாலுமிகள் ஏழு பேர், கப்பல் நடமாட்டம் பற்றிய தகவல்களைச் சமூக வலைத்தளம் மூலம் வெளியே விட்டார்கள் என்ற புகாரில் கைது செய்யப்பட்டனர். பெண் பெயரில் பழகி வலை விரித்ததாகச் சொல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து, கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட் போனுக்கும் பேஸ்புக்குக்கும் கடற்படை தடை விதித்தது.

1971-ல் கடைத்தெரு ஆர்டரும் ஒரு தந்தியும் செய்த வேலையை, இன்று ஒரு போட்டோ செய்துவிடும். துறையில் நிற்கும் கப்பலின் முன்னால் நண்பனோடு எடுத்த படமே போதும்.

நாம் செய்யக் கூடியது

டையூ கடற்கரையில் ஒரு மேட்டின் மீது குக்ரி கப்பலின் மாதிரி உருவம் கண்ணாடிக் கூட்டுக்குள் கடலைப் பார்த்து நிற்கிறது. 1999-ல் திறக்கப்பட்டது. இரண்டாவதாக அதே பெயரில் கட்டப்பட்ட "குக்ரி" கப்பலும் 32 ஆண்டுப் பணிக்குப் பின் 2021 டிசம்பரில் ஓய்வு பெற்று, டையூவுக்கே காட்சிக் கப்பலாகப் போய்ச் சேர்ந்தது. மும்பையிலிருந்து குஜராத் பக்கம் லீவில் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போனால் நல்லது.

அவ்வளவு தூரம் போக வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு காரியம் இருக்கிறது.

மாட்டுங்கா மெஸ்ஸிலோ, ரயிலிலோ, மளிகைக் கடையிலோ முடி ஒட்ட வெட்டிய தமிழ்ப் பையன் ஒருவனைப் பார்த்தால், "எந்தக் கப்பல் தம்பி? எப்போ கிளம்புது?" என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாமல் அவன் தவிப்பான்.

"எந்த ஊரு தம்பி? வீட்டிலே எல்லாரும் சௌக்கியமா?" என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்கும். ஊரின் பெயரைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொல்லுங்கள். "போயிட்டு வர்றேன் அண்ணாச்சி" என்று அவன் எழுந்தால், "போயிட்டு வா தம்பி" என்று சொல்லுங்கள். அது போதும்.